போலியா, பதிலியா, மாக்கா? ஒரு கலைச்சொல்லைச் சோதித்துப் பார்ப்போம்



இந்தக் கட்டுரையில் கதையையோ கவிதையையோ திறனாய்வு செய்யப் போவதில்லை. கணினித் துறையிலிருந்து ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு, அதற்குத் தமிழில் முன்வைக்கக்கூடிய சொற்களை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்கப் போகிறேன். 'மாக்கிங் லைப்ரரி' என்பது அந்தச் சொல். நிரல் எழுதுபவர்கள் தங்கள் நிரல் சரியாக ஓடுகிறதா என்று சோதிக்கும்போது பயன்படுத்தும் ஒரு கருவி அது.

பொருளைப் பார்க்காமல் அகராதியைப் புரட்டினால் என்ன கிடைக்கும்? 'மாக்' என்றால் கேலி. 'லைப்ரரி' என்றால் நூலகம். இரண்டையும் ஒட்டினால் 'கேலி நூலகம்'. நமக்குச் சிரிப்புதான் வரும். ஆனால் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதையே கலைச்சொல்லாக்கம் என்று நினைத்தால் இப்படிப்பட்ட சொற்கள்தான் பிறக்கும்.

இதில் தமிழாசிரியருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். சிங்கப்பூரில் சாதாரண நிலைத் தேர்வுக்கான 'கம்ப்யூட்டிங்' பாடம் 2017இல் புதிய வடிவில் வந்தது. அதில் மாணவர்கள் பைத்தான் மொழியில் நிரல் எழுதுகிறார்கள். அதே மாணவர்கள்தாம் நம் வகுப்பிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். வாய்மொழிப் பயிற்சியில் "ஓய்வு நேரத்தில் என்ன செய்வாய்?" என்று கேட்டால் "ஆப் செய்வேன், சார்" என்பான். "சரி, எப்படிச் செய்வாய்? அது சரியா வேலை செய்யுதான்னு எப்படித் தெரிஞ்சுக்குவாய்?" என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள். பேச்சு நின்றுவிடும், இல்லாவிட்டால் முழுக்க ஆங்கிலத்துக்கு மாறிவிடும். அவனுக்கு விஷயம் நன்றாகத் தெரியும். அதைச் சொல்லும் வாக்கியம்தான் தமிழில் இல்லை. தனக்கு மிக நன்றாகத் தெரிந்ததைத் தமிழில் சொல்ல முடியாதபோது, தமிழ் தீபாவளிக்கும் பாட்டி வீட்டுக்கும் மட்டுமான மொழி என்று அந்தப் பிள்ளை முடிவு கட்டிவிடும். அதனால்தான் ஒரு சொல்லுக்கு ஒரு கட்டுரையே எழுதுகிறேன்.

முதலில் பொருள், பிறகு சொல்

சிராங்கூன் சாலையில் ஒரு பேருந்து நிறுத்தம். அங்கே அடுத்த பேருந்து எத்தனை நிமிடத்தில் வரும் என்று சொல்லும் செயலியை ஒரு மாணவி எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். நிலப் போக்குவரத்து ஆணையம் பேருந்து வரும் நேரத்தை 'டேட்டாமால்' வழியாக நிரலாளர்களுக்கு வழங்குகிறது. செயலி அந்தத் தகவலைக் கேட்டு வாங்கி, மூன்றில் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் என்றால் 'பேருந்து வந்துவிட்டது'. அதற்கு மேல் என்றால் நிமிடக் கணக்கு. பேருந்தே இல்லை என்றால் 'இன்றைய சேவை முடிந்தது'.

இதை எப்படிச் சோதிப்பது? மாலை 4 மணிக்கு உண்மையான சேவையைக் கேட்டால் 'சேவை முடிந்தது' என்ற பதில் வராது. அதற்காக நள்ளிரவு வரை விழித்திருக்க முடியுமா? இணையம் அறுந்தால் செயலி என்ன சொல்லும் என்று பார்க்க, வீட்டு இணையத்தைப் பிடுங்கிவிட்டு உட்கார முடியுமா? முடியாது. அதனால் சோதனை நடக்கும் நேரத்தில் மட்டும், உண்மையான சேவை நிற்க வேண்டிய இடத்தில் வேறொன்றை நிறுத்துகிறார்கள். "யார் கேட்டாலும் '3 நிமிடம்' என்று சொல்" என்று அதற்குச் சொல்லி வைக்கிறார்கள். அடுத்த சோதனையில் "'பேருந்து இல்லை' என்று சொல்". அதற்கடுத்ததில் "பதிலே சொல்லாமல் பிழை காட்டு". செயலிக்கு இந்த ஆள்மாற்றம் தெரியாது.

இப்படி நிறுத்தப்படும் பொருளைத்தான் பொதுவாக 'மாக்' என்கிறார்கள். அத்தகைய பொருள்களை எளிதாக உருவாக்கித் தரும் ஆயத்த நிரல்களின் தொகுப்பே 'மாக்கிங் லைப்ரரி'. இங்கே கேலியும் இல்லை, புத்தகம் அடுக்கிய நூலகமும் இல்லை.

நிற்பவர்களில் ஐந்து வகை

2007இல் வெளிவந்த தம் நூலில் ஜெரார்ட் மெஸ்ஸாரோஸ் இவற்றையெல்லாம் 'டெஸ்ட் டபுள்' என்ற ஒரே குடும்பமாக்கி ஐந்து வகையாகப் பிரித்தார். சினிமாவில் கதாநாயகனுக்குப் பதிலாகக் குதிப்பவரை 'டூப்' என்கிறோமே, அந்த எண்ணம்தான். இந்த ஐந்தையும் விளக்கத் தமிழில் ஏற்கெனவே கைவசம் பொருள் இருக்கிறது.

முதலாவது 'டம்மி'. இடத்தை நிரப்ப மட்டும் நிற்பது, யாரும் அதை எதுவும் கேட்கப் போவதில்லை. விளையாட்டில் சின்னப் பிள்ளையை 'ஒப்புக்கு'ச் சேர்த்துக்கொள்கிறோமே, அதேதான். இந்தத் தொடரின் மற்றப் பாதி உடற்குறையைச் சுட்டும் சொல். வகுப்பில் அதை விட்டுவிட்டு 'ஒப்புக்கு நிற்பது' என்று மட்டும் சொன்னால் போதும்.

இரண்டாவது 'ஸ்டப்'. சொல்லி வைத்த பதிலை மட்டும் திருப்பிச் சொல்வது, அதாவது சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளை. மேலே பார்த்த '3 நிமிடம்' இந்த வகை.

மூன்றாவது 'ஸ்பை'. தன்னிடம் யார் வந்தார்கள், எத்தனை முறை வந்தார்கள், என்ன கேட்டார்கள் என்று குறித்து வைத்துக்கொண்டு பிறகு சொல்வது. திருக்குறளின் 59ஆம் அதிகாரமான 'ஒற்றாடல்' படித்த மாணவருக்கு ஒற்றனை அறிமுகப்படுத்தத் தேவையில்லை.

நான்காவது 'மாக்'. இது கண்டிப்பான ஒற்றன். என்ன நடக்க வேண்டும் என்பது இதற்கு முன்பே தெரியும். தேக்காவில் ஓர் உணவகத்தின் செயலி 'பேநவ்' வழியாகப் பணம் கேட்கிறது என்றால், "ஒரே ஒரு முறைதான் கேட்க வேண்டும்" என்று இதனிடம் சொல்லி வைக்கலாம். இரண்டு முறை கேட்டால் சோதனை தோற்றுவிடும். வாடிக்கையாளரிடம் இரண்டு தடவை காசு எடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்தால் இதன் பயன் புரியும்.

ஐந்தாவது 'ஃபேக்'. இது நிஜமாகவே வேலை செய்யும், ஆனால் சிறிய அளவில். பெரிய தரவுத்தளத்துக்குப் பதிலாகக் கணினியின் நினைவகத்திலேயே நாலு வரியை வைத்துக்கொள்வது போல. பிள்ளைகள் சேர்ந்து ஆக்கும் கூட்டாஞ்சோறும் சோறுதான். ஆனால் கல்யாணப் பந்திக்கு அது காணாது.

ஒரு கருவி, பல சட்டகங்கள்

சோதனையில் இரண்டு தனித்தனி வேலைகள் உண்டு. சோதனைகளைத் தேடி எடுத்து, வரிசையாக ஓட்டி, தேறியதற்குப் பச்சையும் தோற்றதற்குச் சிவப்பும் காட்டுவது ஒரு வேலை. அதைச் செய்வது 'டெஸ்டிங் ஃபிரேம்வொர்க்', அதாவது சோதனைச் சட்டகம். பதிலுக்கு நிற்கும் பொருள்களை உருவாக்குவது இன்னொரு வேலை. அதற்குத்தான் 'மாக்கிங் லைப்ரரி'.

ஜாவா மொழியில் ஜேயூனிட் என்ற சட்டகம் புகழ்பெற்றது. கென்ட் பெக், எரிக் காமா இருவரும் 1997இல் அதைத் தொடங்கினார்கள். டெஸ்ட்என்ஜி என்று வேறொரு சட்டகமும் உண்டு. இரண்டோடும் மாக்கிட்டோ என்ற ஒரே கருவியைப் பயன்படுத்தலாம். ஆனால் இணைக்கும் விதம் மாறும். ஜேயூனிட்டின் 4ஆம் பதிப்பில் 'ரன்னர்' என்ற இணைப்பு. 5ஆம் பதிப்பில் 'எக்ஸ்டென்ஷன்' என்ற வேறோர் இணைப்பு. டெஸ்ட்என்ஜியில் ஒவ்வொரு சோதனைக்கும் முன் பொருள்களைப் புதிதாக உருவாக்கும் ஒரு வரியை நாமே எழுதிவிடுவது வழக்கம்.

கடைசியாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஜேயூனிட் வழக்கமாக ஒவ்வொரு சோதனைக்கும் சோதனை வகுப்பின் புதிய பிரதி ஒன்றை உருவாக்கும். டெஸ்ட்என்ஜி ஒரே பிரதியை வைத்து எல்லாச் சோதனைகளையும் ஓட்டும். புதுப்பிக்க மறந்தால் முதல் சோதனையில் ஒற்றன் எழுதிய குறிப்பு இரண்டாவது சோதனையிலும் தங்கிவிடும். பணம் ஒரு முறைதான் கேட்கப்பட்டிருக்கும், கணக்கு இரண்டு என்று காட்டும். முந்தைய பயன்பாட்டின் எச்சம் அது. இந்த 'எச்சம்' என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நம் மாணவர்கள் எழுதும் பைத்தானிலும் இதே நிலைதான். 2012இல் வந்த 3.3 பதிப்பிலிருந்து 'மாக்' கருவி அந்த மொழியோடு கூடவே வருகிறது. பைத்தானின் சொந்தச் சட்டகமான யூனிட்டெஸ்டிலும் அதைப் பயன்படுத்தலாம், பைடெஸ்டிலும் பயன்படுத்தலாம். ஜாவாஸ்கிரிப்ட்டில் சைனான் எந்தச் சட்டகத்தோடும் சேரும். ஆனால் ஜெஸ்ட் என்ற சட்டகம் தனக்கென்று சொந்த மாக் வசதியை வைத்திருக்கிறது. அதிலேயே எல்லாவற்றையும் எழுதிவிட்டுப் பிறகு வேறு சட்டகத்துக்கு மாறினால் அந்த வரிகளையெல்லாம் திருத்தி எழுத வேண்டும்.

ஒரே கருவி எப்படிப் பல சட்டகங்களில் ஓடுகிறது? இரண்டுக்கும் இடையே உள்ள ஒப்பந்தம் மிகச் சிறியது. எதிர்பார்த்தது நடக்கவில்லை என்றால் கருவி ஒரு பிழையை எழுப்பும். சட்டகம் அதைப் பிடித்துச் சிவப்பு காட்டும். மற்றபடி ஒன்றின் உள்விவகாரத்தில் இன்னொன்று தலையிடுவதில்லை.

கலைச்சொல்லையும் நான் இப்படித்தான் பார்க்கிறேன். ஒரு சொல் பாடநூல் என்ற சட்டகத்தில் மட்டும் ஓடினால் போதாது. வகுப்பறைப் பேச்சு, செய்தித்தாள், தேர்வுத்தாள், மற்ற நாட்டுத் தமிழர் என்று எல்லாவற்றிலும் ஓட வேண்டும். இணைப்பு மட்டும் இடத்துக்கு இடம் மாறலாம். 'பெருவிரைவு ரயிலில் வந்தேன்' என்று எழுதுகிறோம், 'எம்ஆர்டில வந்தேன்' என்று பேசுகிறோம். இரண்டிலும் பொருள் ஒன்றே. இதில் தவறேதும் இல்லை.

சொற்களை ஓட்டிப் பார்ப்போம்

ஒவ்வொரு சொல்லுக்கும் நான்கு சோதனைகள் வைக்கிறேன். பொருள் பொருந்துகிறதா? பன்மையும் வேற்றுமை உருபும் ஏற்கிறதா? பேச்சில் வருமா? வேறு எதனோடாவது மோதுகிறதா?

*மாதிரி.* 'மாதிரித் தேர்வு' நமக்குப் பழக்கம் என்பதால் முதலில் இதுதான் நாக்கில் வரும். ஆனால் மாதிரி என்றால் பார்த்துப் பின்பற்ற வேண்டியது. இந்தப் பொருளை யாரும் பின்பற்றப் போவதில்லை. பேச்சிலோ 'அவன் மாதிரி', 'அந்த மாதிரி' என்று எங்கும் நிறைந்திருக்கிற சொல். 'மாதிரியை வைத்தேன்' என்றால் எதை வைத்தாய் என்றே கேட்பார்கள். சிவப்பு.

*ஒத்திகை.* அழகான சொல்தான். ஆனால் ஒத்திகை என்பது நிகழ்ச்சி. நாம் தேடுவது அந்த நிகழ்ச்சியில் வேறொருவர் இடத்தில் நிற்கும் ஆளை. வேண்டுமானால் முழுச் சோதனையையும் ஒத்திகை எனலாம். சிவப்பு.

*பாவனை.* தமிழ்நாட்டில் 'பாவனை செய்தான்' என்றால் நடித்தான். அதனால் பொருத்தமாகத் தெரியும். இலங்கைத் தமிழில் 'பாவனை' என்றால் பயன்பாடு, 'பாவனையாளர்' என்றால் பயன்படுத்துபவர். இலங்கை வாசகர் ஒருவர் 'பாவனைப் பொருள்' என்பதைப் படித்தால் நேர்மாறாகப் புரிந்துகொள்வார். சோதனைக்கு மட்டும் நிற்கும் ஒன்று அன்றாடம் பயன்படுத்தும் ஒன்றாகிவிடும். தமிழ் ஒரு நாட்டு மொழி இல்லையே. சிவப்பு.

*போலி.* இதைத்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இலக்கணம் படித்தவருக்குப் போலி கெட்ட சொல் அல்ல. ஓர் எழுத்தின் இடத்தில் வேறோர் எழுத்து நின்றும் பொருள் மாறாமலிருப்பதே போலி. 'மயல்' 'மையல்' ஆவது முதற்போலி. 'நிலம்' 'நிலன்' ஆவது கடைப்போலி. தேக்கா சந்தையில் 'அஞ்சு வெள்ளி' என்கிறோமே, அந்த 'அஞ்சு' 'ஐந்து' என்பதன் முற்றுப்போலி. ஒன்றின் இடத்தில் இன்னொன்று நிற்கிறது, கேட்பவருக்கு வித்தியாசம் தெரிவதில்லை. இந்தக் கருத்து தமிழ் இலக்கணத்திலேயே இருப்பதை மாணவருக்குக் காட்டலாம், காட்ட வேண்டும்.

ஆனால் இரண்டு இடத்தில் இடிக்கிறது. இலக்கணப் போலி நிரந்தரமாக நிற்கலாம். 'நிலன்' என்று எழுதிவிட்டுப் பிறகு அதைத் திரும்ப 'நிலம்' ஆக்க வேண்டியதில்லை. சோதனைக்கு நிற்கும் பொருளோ சோதனை முடிந்ததும் விலகிவிட வேண்டும். தவறிப்போய் உண்மைச் செயலிக்குள் நுழைந்துவிட்டால் எல்லாப் பயணிக்கும் எந்நேரமும் '3 நிமிடம்' என்றே சொல்லிக்கொண்டிருக்கும். இன்னோர் இடி, முன்பு சொன்ன எச்சம். போலிச் சான்றிதழ், போலி மருத்துவர், போலி இணையத்தளம் என்று இந்தச் சொல் தெருவிலிருந்தும் மோசடி எச்சரிக்கைகளிலிருந்தும் அழுக்கோடு வருகிறது. பன்மையில் 'போலிகள்' என்று சொல்லிப் பாருங்கள். "போலிகளைக் கண்டு ஏமாறாதீர்கள்" என்ற விளம்பரம்தான் காதில் ஒலிக்கும். "நான் சோதனையில் போலிகளைப் பயன்படுத்தினேன்" என்று ஒரு மாணவி தேர்வாளரிடம் சொன்னால் ஏதோ ஏமாற்று வேலை என்றுதான் அவருக்குத் தோன்றும். இலக்கண வகுப்பில் பச்சை, வெளியே சிவப்பு.

*மாக்.* ஒலிபெயர்த்து அப்படியே வைத்துக்கொண்டால் என்ன? மென்பொருள் துறையில் வேலை செய்யும் தமிழர்கள் "அந்த சர்வீஸை மாக் பண்ணிட்டேன்" என்றுதான் பேசுகிறார்கள். பேச்சில் பச்சை. இப்போது பன்மை. 'மாக்கள்'. தொல்காப்பிய மரபியல் படித்தவர்களுக்கு இங்கே தூக்கிவாரிப்போடும். அங்கே ஆறறிவு உடையவர் மக்கள், ஐயறிவில் நிற்பவை மாக்கள். 'மாக்குகள்' என்று சுற்றி வளைக்கலாம். எழுத்தில் தடுக்கும். அதைவிட முக்கியம், துறைக்கு வெளியே இருப்பவருக்கு இந்தச் சொல் எதையும் விளக்குவதில்லை. பாதிப் பச்சை.

*பதிலி.* 'பதில்' என்றால் எல்லாருக்கும் தெரியும். ஆசிரியர் விடுப்பில் இருந்தால் அவருக்குப் பதிலாக ஒருவர் வகுப்புக்கு வருகிறார். 'பதிலிகள், பதிலியை, பதிலியாக' என்று எல்லா உருபும் சிக்கலின்றி ஏற்கும். "நிஜ சர்வீஸுக்குப் பதிலா ஒரு பதிலியை வச்சேன்" என்றால் பேச்சிலும் வரும். மோதல் ஒன்று உண்டு. 'ப்ராக்ஸி' என்பதற்கும் 'பதிலி' என்று எழுதுவோர் இருக்கிறார்கள். அதனால் 'சோதனைப் பதிலி' என்று இரு சொல்லாக வைத்தால் குழப்பம் தீரும். பச்சை.

தனித்தமிழில் பற்றுள்ள நண்பர்களுக்கு ஒரு செய்தி. 'பதில்' அரபு மூலத்திலிருந்து தமிழுக்கு வந்த சொல். இன்று யாருக்கும் அது அயலாகத் தெரிவதில்லை. சொல் எங்கிருந்து வந்தது என்பதைவிட, இங்கே வந்து வேலை செய்கிறதா என்பதுதான் என் சோதனை.

ஆங்கிலம் மட்டும் ஒழுங்கா?

"ஆங்கிலத்தில் எல்லாம் துல்லியமா இருக்கு, தமிழ்லதான் குழப்பம்" என்று சில மாணவர்கள் நினைக்கிறார்கள். இந்த விஷயத்தில் அது உண்மையில்லை. 'மாக்' என்ற எண்ணத்தை முன்வைத்த டிம் மெக்கினன், ஸ்டீவ் ஃப்ரீமன், ஃபிலிப் கிரெய்க் ஆகியோரின் ஆய்வுரை 2000இல் வந்தது. மாக்கும் ஸ்டப்பும் ஒன்றல்ல என்று விளக்கவே மார்ட்டின் ஃபௌலர் 2004இல் ஒரு தனிக் கட்டுரை எழுத வேண்டியிருந்தது. இன்றும் ஐந்து வகையையும் மாக் என்றே சொல்பவர்கள் ஏராளம். மாக்கிட்டோ உருவாக்கித் தரும் 'மாக்' மெஸ்ஸாரோஸின் பகுப்பில் ஒற்றனுக்குத்தான் நெருக்கம். நடந்ததைக் குறித்து வைத்துக்கொள்ளும், விசாரணை பிறகுதான். அதே மாக்கிட்டோவில் 'ஸ்பை' என்றால் உண்மைப் பொருளையே உள்ளே வைத்துக்கொண்டு இயங்குவது. ஆக, ஒரே பெயர் இரண்டு இடத்தில் இரண்டு பொருள் தருகிறது.

எனவே ஐந்துக்கு ஐந்து புதுச் சொல் படைத்தே தீர வேண்டும் என்று நாம் பதற வேண்டியதில்லை. குடும்பத்துக்கு ஒரு நல்ல பெயர் இருந்தால் உறுப்பினர்களை வாக்கியத்தால் விளக்கிவிடலாம்.

தலையாட்டிப் பொம்மையிடம் எச்சரிக்கை

பதிலிகளில் ஓர் ஆபத்து உண்டு. பைத்தானின் 'மாக்' பொருளைச் சும்மா உருவாக்கினால், அதனிடம் இல்லாத வேலையைக் கேட்டாலும் பெரும்பாலும் "சரி" என்று ஏற்றுக்கொள்ளும். பெயரில் எழுத்துப்பிழை இருந்தாலும் ஏற்கும். தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மைதான். சோதனை பச்சை காட்டும், உண்மைச் சேவையோடு சேர்த்தவுடன் செயலி விழும். இதைத் தடுக்க 'ஆட்டோஸ்பெக்' என்ற வழி இருக்கிறது. உண்மைப் பொருளைப் பார்த்து, அதனிடம் உள்ளதை மட்டுமே ஏற்கும் பதிலியை அது உருவாக்கும்.

சொற்பட்டியல்களைப் பற்றிய என் விமர்சனமும் இதுதான். பட்டியலில் எந்தச் சொல்லை எழுதினாலும் தாள் தலையாட்டும். 'கேலி நூலகம்' என்று எழுதினாலும் தாள் சிவப்பு காட்டாது. அந்தச் சொல்லை ஓர் உண்மையான வாக்கியத்தில், உண்மையான காதின் முன் வைக்கும்போதுதான் தோல்வி தெரியும். 'இணையம்' என்ற சொல்லைப் பாருங்கள். தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளராக இருந்த நம் ஊர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமியின் பெயரோடு சேர்த்துப் பலரும் சொல்லும் சொல் அது. அவர் 1999இல் மறைந்தார். அந்தச் சொல் மறையவில்லை. 'இணையத்தில், இணையவழி, இணையத்தளம்' என்று எங்கே வைத்தாலும் நின்றதுதான் காரணம்.

தேர்வெழுதும் மாணவர்களே, இதில் உங்களுக்கும் ஒரு செய்தி இருக்கிறது. மனப்பாடம் செய்த விடை தலையாட்டிப் பொம்மை போன்றது. எந்தக் கேள்விக்கும் 'தொழில்நுட்பம் இருபுறமும் கூர்மையான கத்தி' என்று தொடங்கினால் பயிற்சியில் எல்லாம் பச்சையாகத் தெரியும். உண்மைத் தேர்வாளர் "உன் அனுபவத்தில் ஒன்று சொல்" என்றதும் விழுந்துவிடும். நீங்கள் செய்த ஒன்றை, நீங்களே கட்டிய வாக்கியத்தில் சொல்லிப் பழகுங்கள்.

என் தீர்ப்பு

குடும்பப் பெயராகச் 'சோதனைப் பதிலி'. ஆயத்த நிரல் தொகுப்புக்கு 'நிரலகம்'. ஆக, 'மாக்கிங் லைப்ரரி' என்பது 'சோதனைப் பதிலி நிரலகம்'. 'டெஸ்டிங் ஃபிரேம்வொர்க்' என்பது 'சோதனைச் சட்டகம்'. மாக்கிட்டோ, சைனான் போன்ற பெயர்களை மாற்றக் கூடாது. பேச்சில் 'மாக்' வந்தால் தடுக்க வேண்டாம். ஆனால் அதைச் சொல்பவருக்கு அடுத்த மூச்சில் தமிழில் விளக்கத் தெரிந்திருக்க வேண்டும். இதைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால், மேலே உள்ள நான்கு சோதனைகளில் ஓட்டிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். என் சொல் தோற்றால் எனக்கு வருத்தமில்லை.

வகுப்பறைக்கு

ஒரே செய்தியை இரண்டு சட்டகத்தில் கீழே தந்திருக்கிறேன். வாய்மொழிப் பயிற்சிக்கும் எழுத்துப் பயிற்சிக்கும் பயன்படுத்தலாம்.

பேச்சில்: "நான் ஒரு ஆப் செஞ்சேன், சார். பஸ் எப்ப வரும்னு அது சொல்லும். அதைச் சோதிக்கிறப்ப ஒவ்வொரு தடவையும் நிஜமான தகவலைக் கேட்க முடியாது. அதனால ஒரு பதிலியை வச்சேன். 'மூணு நிமிஷம்'னு சொல்லச் சொன்னா அது அதையே சொல்லும். என் ஆப் அதைச் சரியாக் காட்டுதான்னு பார்த்தேன்."

எழுத்தில்: "பேருந்து வரும் நேரத்தை அறிவிக்கும் செயலி ஒன்றை நான் உருவாக்கினேன். சோதனையின்போது உண்மையான சேவைக்குப் பதிலாக ஒரு சோதனைப் பதிலியைப் பயன்படுத்தினேன். நான் முன்கூட்டியே தந்த விடையை அது அளித்தது. அவ்விடையைச் செயலி சரியாகக் கையாண்டதா என்பதை உறுதிசெய்தேன்."

மாணவர்களுக்கான பணிகள்:

1. மேலே உள்ள இரண்டு பத்திகளிலும் மாறியவை எவை, மாறாதவை எவை என்று பட்டியலிடுக.

2. உங்களுக்குப் பிடித்த பொழுதுபோக்கிலிருந்து, தமிழில் நீங்கள் சொல்லத் தயங்கும் சொல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு இரண்டு தமிழ்ச் சொற்களைக் கண்டுபிடித்து நான்கு சோதனைகளிலும் ஓட்டுங்கள். எது தோற்றது, எந்த இடத்தில் தோற்றது என்று நான்கு வரியில் எழுதுங்கள்.

3. இணையர் பணி: ஒருவர் தேர்வாளர், ஒருவர் மாணவர். மாணவர் தாம் செய்த ஒன்றை விளக்க வேண்டும். தேர்வாளர், எதற்கும் தலையாட்டாமல், புரியாத இடத்தில் "அப்படின்னா என்ன?" என்று கேட்டே ஆக வேண்டும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மூன்றாவது பணியில் மாணவர் சொல் கிடைக்காமல் தடுமாறினால் உடனே சொல்லை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். "அது என்ன வேலை செய்யுது?" என்று மட்டும் கேளுங்கள். வேலையைச் சொல்லிவிட்டால் சொல் பின்னாலேயே வந்துவிடும்.